கையில் காசில்லை... ஆனால் மேடை இருந்தது! அரிதாரம் பூசிய அண்ணாவின் கதை

காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல நீங்க எப்பவாவது ஒரு ஸ்கிட் போட்டிருக்கீங்களா? ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒத்திகை, யாரோ ஒருத்தரோட அக்காகிட்ட கடன் வாங்கின புடவை, சரியா அந்த நேரம் பார்த்து மக்கர் பண்ணும் மைக். எல்லாம் ரெடியான பிறகு பொறுப்பாசிரியர் வந்து, அந்த அரசியல் வசனத்தை மட்டும் தூக்கிடச் சொல்லியிருப்பார். நீங்களும் மனசில்லாமல் தூக்கியிருப்பீங்க. அந்த ஒரு வரிக்காகத்தானே மொத்த ஸ்கிட்டையும் எழுதினோம்னு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

அப்படி ஒரு வரியைத் தூக்க மறுத்தவர்களின் கதைதான் இது. அதில் நாயகன், உங்க ஊர்ச் சிலைகளில் ஒரு விரலை நீட்டி நிற்கிறாரே, அவர்தான். சி.என்.அண்ணாதுரை. அவரை முதலமைச்சராகத் தெரியும், பேச்சாளராகத் தெரியும். முகத்தில் அரிதாரம் பூசி, தலையில் டோப்பா வைத்து, ஊர் ஊராக மேடை ஏறிய அமெச்சூர் நடிகராகத் தெரியுமா? அந்த அண்ணாவைப் பார்க்க, முதல்ல சீர்காழிக்குப் போயிட்டு வரலாம் வாங்க.

சீர்காழியில் தொடங்கும் மேடை

சீர்காழின்னதும் உங்களுக்கு சட்டைநாதர் கோயில் நினைவுக்கு வரும். பாட்டு கேட்கிறவங்களுக்கு சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரல் நினைவுக்கு வரும். அதே ஊரில் தமிழிசை மூவருக்கு ஒரு மணிமண்டபம் இருக்கு. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர்னு மூணு பேர். இதில் அருணாசலக் கவிராயர் 1711-ல் பக்கத்துத் தில்லையாடியில் பிறந்து, சீர்காழியில் வந்து தங்கியவர். ராமன் கதையை ஏட்டிலிருந்து எடுத்து, பாடி நடிக்கிற மாதிரி கீர்த்தனைகளாக்கி 'இராம நாடகம்' செய்தவர். படிக்கத் தெரியாதவருக்கும் கம்பனின் கதை காது வழியாகப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

அந்தக் கம்பனும் வேற ஊர்க்காரர் இல்லை. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்திலேயே இருக்கும் தேரழுந்தூர்தான் அவர் பிறந்த ஊர் என்பார்கள். ஆக, ராமன் கதை தமிழில் கவிதையானதிலும் மேடைக்கு வந்ததிலும் இந்தக் காவிரிப் படுகைக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை ஏன் சொல்றேன்னா, சுமார் 170 வருஷம் கழித்து அதே கதையை எடுத்து, ராவணனின் பக்கம் நின்று ஒருவர் நாடகம் எழுதினார். கம்பரையே மேடைக்கு வரவழைத்துக் கேள்வி கேட்டார். அதைச் செய்தவர்தான் அண்ணா.

நெசவு ஊர்ப் பையன்

1909 செப்டம்பர் 15, காஞ்சிபுரம். நெசவாளர் சமூகத்தில், வசதி குறைந்த குடும்பம். அம்மா பங்காரு அம்மாள். ஆனால் வளர்த்தது சித்தி ராஜாமணி அம்மாள். 'தொத்தா' என்றுதான் அவரைக் கூப்பிடுவார். பள்ளிப் படிப்பு முடிந்து, கொஞ்ச நாள் நகராட்சியில் குமாஸ்தா வேலை. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. பொருளாதாரமும் அரசியலும் படித்து எம்.ஏ. வரைக்கும் போனார். மாணவராக இருக்கும்போதே ராணி அம்மையாரோடு திருமணம்.

அந்தக் காலத்து எம்.ஏ. என்றால் அரசு வேலை, கோட்டு, ஃபைல் என்று வாழ்க்கை செட்டில் ஆகியிருக்கும். அவர் போனது வேறு பக்கம். 1934-ல் பெரியாரைச் சந்தித்தார். சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்தார். பத்திரிகைகளில் எழுதினார். சென்னை மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். 1938-ல் இந்தித் திணிப்பை எதிர்த்ததற்காகச் சிறைக்குப் போனார். ஈரோட்டில் பெரியாரின் பத்திரிகைகளில் வேலை பார்த்துவிட்டு, 1942 மார்ச்சில் காஞ்சிபுரத்தில் 'திராவிட நாடு' என்ற சொந்த வார இதழைத் தொடங்கினார்.

எழுத்து வந்தது, பேச்சு வந்தது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அவர் யாருக்காக எழுதினாரோ, அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் படிக்கத் தெரியாது.

ஏன் நாடகம்?

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. டி.வி. இல்லை. ரேடியோ அரசாங்கத்தின் கையில். சினிமா எடுக்கப் பெரிய முதல் வேணும். பத்திரிகை நடத்தினால் படித்தவர்கள் மட்டும் வாங்குவார்கள். பொதுக்கூட்டம் போட்டால், ஏற்கெனவே உங்க கருத்தை ஒப்புக்கொள்பவர்தான் முன்வரிசையில் இருப்பார். நாடகம் அப்படி இல்லை. சாயங்காலம் வயல் வேலை முடிந்து, பாயும் பிள்ளைகளுமாக மொத்தக் குடும்பமும் வரும். உங்களைப் பிடிக்காதவரும் பாட்டுக்காக வருவார், வந்தவர் முழுசா உட்கார்ந்து பார்ப்பார்.

அந்தக் காலத்தில் நாடகம் ரெண்டு விதம். ஒன்று, தொழில்முறைக் கம்பெனிகள். சின்ன வயசிலேயே பையன்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் 'பாய்ஸ் கம்பெனி' இந்த வகைதான். இன்னொன்று, அமெச்சூர் சபாக்கள். பகலில் வேறு வேலை, ராத்திரியில் நடிப்பு. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபா இதற்கு முன்னோடி. அங்கே நடித்தவர்கள் பெரும்பாலும் வக்கீல்களும் அதிகாரிகளும்.

சுயமரியாதைக்காரர்கள் இந்த இரண்டாவது வகையை எடுத்து, அதற்குள் ஒரு வெடியை வைத்தார்கள். 1934-ல் பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' சென்னையில் மேடையேறியது. பிரகலாதன் கதையைத் தலைகீழாக்கி, இரணியனை வீரனாகக் காட்டிய நாடகம். இரணியனாக வந்தவர் தொழில்முறை நடிகர் இல்லை. தஞ்சாவூர் ஜில்லா குருவிக்கரம்பையில் பிறந்த எழுத்தாளர் குத்தூசி குருசாமி. தலைமை தாங்கியவர் பெரியார். இந்த நாடகத்தைப் பிற்பாடு அரசாங்கம் தடை செய்தது.

அண்ணா கையில் எடுத்தது இந்த வழியைத்தான். 1943-ல் ஈரோட்டில் அவர் எழுதிய 'சந்திரோதயம்' மேடையேறியது. ஜமீன்தாரின் அட்டகாசம், மடாதிபதியின் போலித்தனம், மூடநம்பிக்கை என்று மூன்றையும் ஒரே கதையில் சுற்றி வளைத்தார். எழுதியதோடு நிற்காமல் துரைராஜ் என்ற பாத்திரத்தில் அவரே நடித்தார். நாடகத்தில் வசூலான பணம் இயக்கத்துக்கும் பத்திரிகைக்கும் போனது. இன்னிக்கு நீங்க சொல்ற கிரவுட் ஃபண்டிங்தான். காசு கொடுத்தவங்களுக்குப் பதிலுக்கு ஒரு ராத்திரி முழுக்கக் கதை கிடைத்தது.

ஹீரோவுக்கான உடல்வாகு அவருக்குக் கிடையாது. குள்ளமான உருவம், கரகரத்த குரல், வெற்றிலைக் கறை ஏறிய பல். ஆனால் தமிழ் அவர் வாயில் விளையாடும். அதுதான் மூலதனம்.

சிவாஜியும் தஞ்சாவூரும்

1940-களின் நடுவில் அண்ணா எழுதிய அடுத்த பெரிய நாடகம் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்'. கதை மராட்டிய மண்ணில் நடப்பது. வாளால் ராஜ்யத்தையே உண்டாக்கிய சிவாஜி, முடிசூட்டிக்கொள்ள நினைக்கும்போது, அவர் பிறந்த சாதி தடையாகிறது. சடங்கு செய்து வைக்கக் காசியிலிருந்து காகபட்டர் வருகிறார். 1674-ல் நடந்த சிவாஜியின் முடிசூட்டு விழாவை வைத்து அண்ணா கேட்ட கேள்வி நேரடியானது. நாட்டையே ஜெயித்தவனையும் பிறப்பு தடுக்கும் என்றால், சாதாரண உழவனின் கதி என்ன?

தஞ்சாவூர்க்காரர்களுக்கு மராட்டியர் கதை அந்நியமில்லை. சிவாஜியின் தம்பி ஏகோஜி 1670-களில் தஞ்சையைப் பிடித்து, அவர் வம்சம் சரபோஜி காலம் வரை அங்கே ஆண்டது. இன்னிக்கும் நீங்க சரஸ்வதி மஹால் நூலகத்துக்குப் போனால், அந்த வம்சத்தின் தடத்தைப் பார்க்கலாம்.

இந்த நாடகத்தில் சிவாஜி வேடத்தில் முதலில் எம்.ஜி.ஆர். நடிப்பதாக இருந்தது. அது நடக்கவில்லை. பதிலுக்கு வந்தவர், 17, 18 வயசு கணேசன். நீளமான வசனங்களைச் சில மணி நேரத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்து, அண்ணாவையே அசர வைத்தார். சென்னையில் நாடகத்தைப் பார்த்த பெரியார், அவரை 'சிவாஜி' என்று அழைத்தார். வி.சி.கணேசன், சிவாஜி கணேசன் ஆனது அந்த மேடையில்தான்.

சரி, அண்ணாவுக்கு என்ன வேஷம்? காகபட்டர்! தான் எதிர்த்த பாத்திரத்தை அவரே எடுத்துக்கொண்டார். இதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கு. எதிராளியைக் கோமாளியாக்கினால் சிரிப்பு மட்டும்தான் வரும். சாமர்த்தியமாகப் பேசும் ஆளாகக் காட்டினால்தான், அந்த ஏற்பாடு எவ்வளவு வலுவானது என்பது பார்ப்பவருக்கு உறைக்கும்.

ராவணனின் அப்பீல்

இப்போ மறுபடி நம்ம தேரழுந்தூருக்கு வருவோம். 1943-ல் கம்பராமாயணம் பற்றி ரா.பி.சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் என்ற இரண்டு பெரிய தமிழறிஞர்களோடு அண்ணா பொதுமேடைகளில் விவாதம் செய்தார். 'தீ பரவட்டும்' என்ற பெயரில் அது புத்தகமாகவும் வந்தது. விவாதம் படித்தவர்களுக்கானது. அதையே எல்லோருக்குமான நாடகமாக்கினார். அதுதான் 'நீதிதேவன் மயக்கம்'.

கதை, ஒரு கோர்ட் டிராமா. ராவணனிடம் இரக்கம் என்பதே கிடையாது, அதனால் அவன் அரக்கன் என்று கம்பர் கொடுத்த தீர்ப்பின் மேல் மறுவிசாரணை. நீதிதேவன் நீதிபதி. கம்பர் குற்றம் சாட்டுகிறார். ராவணன் தனக்காகத் தானே வாதாடுகிறான். இரக்கமில்லாததுதான் குற்றம் என்றால், ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய துரோணர் யார், பெற்ற தாயையே வெட்டிய பரசுராமன் யார் என்று அவன் வரிசையாகக் கேட்க, பதில் சொல்ல முடியாமல் நீதிதேவன் மயங்கி விழுகிறார். தலைப்புக்கு அதுதான் அர்த்தம்.

இந்த நாடகம் பலர் மனசைக் காயப்படுத்தியதும் உண்மை. கம்பனைக் கொண்டாடியவர்கள் கொதித்தார்கள். பக்தியோடு ராமன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு வலித்தது. அந்த வலிக்கு நியாயம் இல்லைன்னு சொல்லிட முடியாது. ஆனால் ஒரு கதையை எல்லோரும் ஒரே திசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, எதிர்த் திசையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்வதும் நாடகத்தின் வேலைதான்.

தஞ்சையில் ஒரு வேலைக்காரி

ராஜா, புராணம் எல்லாம் சரி. வயலில் நிற்கிறவரின் கதை எங்கே? அதுவும் வந்தது, தஞ்சாவூரிலிருந்தே வந்தது.

நடிகர் கே.ஆர்.ராமசாமி, என்.எஸ்.கிருஷ்ணனின் நாடகக் குழுவில் இருந்தவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் சிறைக்குப் போனபிறகு, அவர் பேரிலேயே 'கிருஷ்ணன் நாடக சபா'வைத் தொடங்கித் தஞ்சாவூரில் நாடகம் போட்டார். அது தொழில்முறைக் குழு. அமெச்சூரான அண்ணா அந்தக் குழுவுக்கு நாடகம் எழுதிக் கொடுத்தார். 'ஓர் இரவு', 'வேலைக்காரி' ரெண்டும் அப்படிப் பிறந்தவை. அரசியலில் எதிர்முகாமில் இருந்த எழுத்தாளர் கல்கி, 'ஓர் இரவு' பார்த்துவிட்டு அண்ணாவை பெர்னார்ட் ஷா, இப்சன் வரிசையில் வைத்து மனம் திறந்து பாராட்டினார். எதிர்முகாம்காரரையும் ராத்திரி முழுக்க உட்கார வைத்துப் பாராட்ட வைத்ததுதான் மேடையின் பலம்.

'வேலைக்காரி'யில் வேதாசல முதலியார் என்ற பணக்காரர். அவரிடம் கடன்பட்ட ஏழை சுந்தரம் பிள்ளை அவமானம் தாங்காமல் தூக்குப் போட்டுக்கொள்கிறார். மகன் ஆனந்தன் கத்தியைத் தூக்கக் கிளம்புகிறான். நண்பன் மணி அவனைத் தடுத்து, புத்தியைத் தீட்டச் சொல்கிறான். மறுபக்கம் அந்தப் பணக்காரரின் மகன், வீட்டு வேலைக்காரி அமிர்தத்தைக் காதலிக்கிறான். கும்பிட்டுக் கும்பிட்டுப் பலன் கிடைக்காத ஆனந்தன் காளி முன்னால் நின்று ஆத்திரத்தில் பொங்கும் காட்சி, அந்தக் காலத்தில் ஊரையே பேச வைத்தது.

இந்தக் கதை தஞ்சை ஜில்லாவில் ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது? அன்றைய காவிரிப் படுகையை நினைச்சுப் பாருங்க. கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல். அந்த நிலம் மிராசுதார்கள் கையிலும் மடங்கள், கோயில்கள் கையிலும். உழுதவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாள்கள். வேலைக்கு லேட்டா வந்தால் சாட்டையடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால் புகட்டும் கொடுமை. அவர்களைப் பாதுகாக்கத் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-ல்தான். செங்கொடிச் சங்கங்கள் வயலில் நின்று போராடிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், கடன்பட்டு ஒரு மனுஷன் தூக்கில் தொங்கும் காட்சியை மேடையில் பார்த்தவருக்கு அது கற்பனையாகத் தெரிந்திருக்காது.

திருவாரூர்ப் பையனுக்கு விழுந்த அடி

அண்ணாவின் இந்த வழி, படுகையின் இளைஞர்களுக்குத் தொற்றிக்கொண்டது. 1942-ல் 'திராவிட நாடு' இதழில் 'இளமைப்பலி' என்ற கட்டுரை வந்தது. திருவாரூருக்கு ஒரு கூட்டத்துக்கு வந்த அண்ணா, அதை எழுதியவரைப் பார்க்க ஆசைப்பட்டு ஆளனுப்பினார். வந்து நின்றவன் ஒரு ஸ்கூல் பையன். முதலில் ஒழுங்காகப் படிக்கும்படி அவனுக்கு அண்ணா புத்தி சொன்னார். பையன் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. திருக்குவளையில் பிறந்த மு.கருணாநிதிதான் அவர்.

1944-ல் அவர் 'பழனியப்பன்' என்ற நாடகம் எழுதித் திருவாரூரில் மேடையேற்றினார். வசூல் கைகொடுக்கவில்லை, கடன்தான் மிச்சம். கடனை அடைக்க, அந்த நாடகத்தை நாகப்பட்டினத்து நாடகக் குழு ஒன்றுக்கு 100 ரூபாய்க்கு விற்றார். பிறகு அந்த மாதிரிக் குழுவோடு நடிக்கப் புதுச்சேரிக்குப் போனபோது, எதிர்ப்பாளர்கள் அவரை அடித்துச் சாக்கடை ஓரம் போட்டுவிட்டுப் போனார்கள். காயத்துக்குப் பெரியாரே மருந்து போட்டு, தன்னோடு ஈரோட்டுக்கு அழைத்துப்போய், பத்திரிகை வேலை கொடுத்தார்.

அமெச்சூர் நாடகம்னா பொழுதுபோக்குன்னுதான் நாம நினைக்கிறோம். ஆனால் சம்பளம் இல்லாமல், பாதுகாப்பு இல்லாமல், விழும் அடிக்கும் தயாராக மேடை ஏறியவர்கள் இவர்கள். பிழைப்புக்கு நடிக்கிறவர், ஊர் எதிர்த்தால் நாடகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அமெச்சூருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இழக்கச் சம்பளம் இல்லாதவரை மிரட்டுவது கஷ்டம்.

நாடகத்துக்கு பயந்த சட்டம்

அரசாங்கம் நாடகத்துக்கு பயந்தது புதுசு இல்லை. வங்காளத்தில் அவுரித் தோட்ட வெள்ளைக்கார முதலாளிகள் விவசாயிகளை வதைத்ததை வைத்து, 1860-ல் தீனபந்து மித்ரா 'நீல் தர்ப்பண்' எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் ஒரு மாசம் ஜெயிலில் இருந்தார். 1872-ல் கல்கத்தாவின் அமெச்சூர் இளைஞர்கள் சேர்ந்து அதை மேடையேற்றினார்கள். அடுத்தடுத்து இப்படி நாடகங்கள் வர, 1876-ல் பிரிட்டிஷ் அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிடிக்காத நாடகத்தைத் தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் கிடைத்தது.

வெள்ளைக்காரர் போனபிறகாவது மாறியதா? இல்லை. எம்.ஆர்.ராதாவை மீம்ஸ்ல தினமும் பார்க்கிறீங்க இல்லையா? திருவாரூர் கே.தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீ'ரை ஊர் ஊராகப் போட்ட அதே ராதாதான். 1954-ல் அவரது ராமாயண நாடகம் பெரும் புயலைக் கிளப்பியது. அந்த வருஷமே சென்னை மாகாணத்தில் புதிதாக ஒரு நாடகச் சட்டம் வந்தது. நாடகத்தின் எழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கவும், ஆட்சேபம் இருந்தால் நாடகத்தை நிறுத்தவும் அரசுக்கு வழி செய்த சட்டம். உங்க ஸ்கிட்டில் ஒரு வரியைத் தூக்கச் சொன்னாரே பொறுப்பாசிரியர், அவருக்குப் பின்னால் போலீஸும் நின்றால் எப்படி இருக்கும்? அதுதான் நிலைமை.

திரை விழுந்த பிறகு

1949 செப்டம்பரில் அண்ணா பெரியாரைப் பிரிந்து தி.மு.க.வைத் தொடங்கினார். அதே வருஷம் 'வேலைக்காரி' சினிமாவாக வந்து சக்கைப்போடு போட்டது. அடுத்த 18 வருஷத்தில் அவர் கட்சி கோட்டையைப் பிடித்தது. 1967 மார்ச் 6-ம் தேதி அண்ணா முதலமைச்சர். அமைச்சரவையில், 100 ரூபாய்க்கு நாடகத்தை விற்ற திருவாரூர்க்காரர் இருந்தார். சட்டமன்றத்தில், சிவாஜி வேஷத்தைத் தவறவிட்ட எம்.ஜி.ஆர். இருந்தார். சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லும் என்றானது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. மேடையில் பேசியதில் சில, சட்டமாகவே ஆனது.

இதோடு முடித்தால் நல்ல சினிமா மாதிரி இருக்கும். ஆனால் வாழ்க்கை அப்படி முடியவில்லை.

1968-ல் அண்ணாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். நியூயார்க்கில் ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்தார். அந்த டிசம்பர் 25-ம் தேதி ராத்திரி, நாகப்பட்டினம் பக்கம் கீழ்வெண்மணியில், கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் தாக்கப்பட்டன. உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மேடையில் பணக்கார முதலாளியின் கொடுமையைக் காட்டி எல்லோரையும் அழ வைத்தவரின் ஆட்சியில், அதே தஞ்சை ஜில்லாவில் இது நடந்தது. நோயோடு இருந்த முதல்வர் அமைச்சர்களை அனுப்பினார். கூலிப் பிரச்னையை ஆராய ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. 1969-ல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. ஆனால் கீழ்க்கோர்ட் தண்டித்த நில உரிமையாளர்கள், மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தால் விடுதலை ஆனார்கள். 'நீதிதேவன் மயக்கம்' எழுதியவர் அந்தத் தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இல்லை. வெண்மணி நடந்த 40-வது நாள், 1969 பிப்ரவரி 3-ம் தேதி, அண்ணா இறந்துபோனார். சென்னையில் அன்று திரண்ட கூட்டம், உலகின் மிகப்பெரிய இறுதி ஊர்வலங்களில் ஒன்று என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

இன்னொரு விஷயமும் பாக்கி இருக்கு. அந்த 1954 நாடகச் சட்டம்! மேடையில் பிறந்த கட்சி ஆட்சிக்கு வந்தது. அதிலிருந்து பிரிந்த கட்சியும் ஆண்டது. நாடகம் எழுதியவரும் நடித்தவரும் மாறி மாறி முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் 'பரீக்ஷா' என்ற அமெச்சூர் நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று ரத்து செய்தது. ஆட்சியில் இருந்த நாடகக்காரர்கள் செய்யாததை, நாற்காலி இல்லாத ஒரு அமெச்சூர் நாடகக்காரர் செய்து முடித்தார்.

அப்போ உங்களுக்கு என்ன?

அண்ணாவின் கொள்கையை நீங்க ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம். அது உங்க இஷ்டம். அவர் நாடக வாழ்க்கையிலிருந்து ரெண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கலாம்.

ஒன்று, காசு, கம்பெனி, சேனல் எதுவும் இல்லாமலேயே ஆரம்பிக்கலாம். அவரிடம் இருந்தது ஒரு நோட்டு, சில நண்பர்கள், கேட்க ஒரு கேள்வி. உங்க கையில் இருக்கும் போனில் அவர் கனவிலும் நினைக்காத மேடை இருக்கு. அதில் என்ன கேள்வி கேட்கப் போறீங்க என்பதுதான் விஷயம்.

இரண்டு, நாடகம் கண்ணைத் திறக்கும். ஆனால் திரை விழுந்த பிறகு செய்ய வேண்டிய வேலை தனி. மேடையில் ஜெயித்த நியாயம், வெண்மணியில் ஜெயிக்கவில்லை. கைதட்டல் கேட்டதும் வேலை முடிந்ததுன்னு நினைச்சுட்டா, நாடகம் வெறும் நாடகமாகவே நின்றுவிடும்.

அடுத்த முறை சீர்காழிப் பக்கம் போனால், அந்தத் தமிழிசை மூவர் மணிமண்டபத்தை ஒரு எட்டுப் பார்த்துட்டு வாங்க. ராமன் கதையை எளிய ஜனங்களின் காதுக்குக் கொண்டுவந்த அருணாசலக் கவிராயருக்கு ஒரு வணக்கம் வைங்க. ராவணனுக்காக வாதாடிய காஞ்சிபுரத்துக்காரரையும் அங்கேயே நினைச்சுக்கோங்க. ரெண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான். ஏட்டில் இருந்ததை எல்லோருக்குமாக்கினார்கள்.

அப்புறம், அடுத்த கல்ச்சுரல்ஸ்ல அந்த ஒரு வரியைத் தூக்கச் சொன்னால், ஏன்னு ஒரு தடவையாவது மரியாதையா கேளுங்க!